தரப்படுத்தல்: சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் வாக்கியம்

கும்மிடிப்பூண்டி முகாமில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சொல் இன்னும் புழங்குகிறது: தரப்படுத்தல். 1990இல் உருவான முகாம் இது. சிப்காட் ஆலைகளுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தாத்தா காலத்துக் கதை. பெரியவர்களுக்கோ, எல்லாம் எங்கே தொடங்கியது என்று கேட்டால் முதலில் வாயில் வரும் சொல். "எங்கட பிள்ளையளிண்ட மார்க்ஸ வெட்டிப்போட்டாங்கள்" என்பார் ஒருவர். தமிழகத்து மேடைகளிலும் இச்சொல்லுக்கு இதுதான் பொருள். அந்தப் புரிதல் பொய் என்று நான் சொல்லவில்லை. போதாது என்கிறேன்.

1970இல் சிறிமாவோ தலைமையிலான ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். தமிழ்த் தேர்வாளர்கள் தமிழ் மாணவர்களுக்கு மதிப்பெண்ணை வாரி வழங்குகிறார்கள் என்றொரு குற்றச்சாட்டு கிளப்பப்பட்டது. அடுத்து வந்த சேர்க்கையில் மொழிவாரியாகத் தனித்தனி வெட்டுப்புள்ளிகள். 400க்குப் பேராதனைப் பொறியியலில் சிங்கள மாணவருக்கு 227, தமிழ் மாணவருக்கு 250. கொழும்பு மருத்துவத்தில் 229க்கு எதிராக 250. இதில் புள்ளியியல் ஏதுமில்லை, பச்சையான பாகுபாடு. 1973இல்தான் சூத்திரம் வருகிறது. ஒவ்வொரு மொழிவழியின் மதிப்பெண்களையும் தனித்தனியாக எடுத்து ஒரே அளவுகோலுக்குள் கொண்டுவந்தார்கள். அதன்படி, தேர்வெழுதியவர்களின் விகிதத்தையொட்டி ஒவ்வொரு மொழிவழிக்கும் இடம் கிடைக்கும். 1974இல் மாவட்டக் கோட்டா சேர்ந்தது. 1969இல் அறிவியல் சார்ந்த படிப்புகளுக்குப் போனவர்களில் 27.5 விழுக்காட்டினர் வட மாகாணத்தவர். 1974இல் அது 7 விழுக்காடு. மொழிவாரித் தரப்படுத்தலைக் கைவிட 1977இன் ஆட்சி மாற்றம் தேவைப்பட்டது. அதற்குள் ஒரு தலைமுறை தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

இதே முகாமில் மன்னார்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வேறு மாதிரிச் சொல்கிறார்: "எங்கட ஊரில இருந்து பிள்ளையள் கம்பஸ் போனது கோட்டா வந்தாப் பிறகுதான்." மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு, தமிழ் மாவட்டங்களாக இருந்தும், கோட்டா கதவைத் திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு இழப்பாக இருந்ததே மன்னாருக்கு வாய்ப்பாக இருந்தது. யாழ்ப்பாணத்துக்குள்ளேயும் நகரக் கல்லூரி வேளாளப் பிள்ளையும் பள்ளி வாசலிலேயே மறிக்கப்பட்ட தலித் பிள்ளையும் ஒரே மாவட்டத்துக் கணக்கில்தான் வந்தார்கள். மாவட்டம் என்கிற அலகு சாதியைப் பார்ப்பதில்லை. 'தமிழர் இழந்தது' என்கிற ஒற்றைக் கதையாடலும் அதைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது சூத்திரம் 2001இல் வந்த இசட் புள்ளி. ஒரு பாடத்தில் மாணவர் வாங்கிய மதிப்பெண்ணிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் இப்படிக் கிடைப்பவற்றின் சராசரிதான் மாணவரின் இசட் புள்ளி. கற்பனைக் கணக்கு ஒன்று: புவியியலில் 60, பாடச் சராசரி 40, விலக்கம் 10 என்றால் புள்ளி 2. இந்து நாகரிகத்தில் 70, சராசரி 55, விலக்கம் 15 என்றால் புள்ளி 1. கூடுதல் மதிப்பெண்ணுக்குக் குறைந்த புள்ளி. கடினமான பாடத்தை எடுத்தவர் தோற்கக் கூடாது என்பது நியாயம்தானே? நியாயந்தான். ஆனால் இரண்டு பாடங்களையும் எடுத்த கூட்டங்கள் திறனில் சமம் என்று இந்தச் சூத்திரம் சத்தமில்லாமல் ஒரு வாக்கியம் சொல்லிவிடுகிறது. கெட்டிக்காரர்கள் ஒரு பாடத்தில் குவிந்தால் ஒருவரையொருவர் கீழே இழுப்பார்கள். 2011 உயர்தரத் தேர்வில் பழைய பாடத்திட்டக்காரர்களையும் புதியவர்களையும் ஒரே கூட்டமாகக் கலந்து கணக்கிட்டார்கள். தனித்தனியாகக் கணக்கிடும்படி 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே வழக்கு எண்ணைப் பற்றியதல்ல. யார் யாரோடு ஒரு கூட்டம் என்பதைப் பற்றியது.

நம் ஊருக்கு வருவோம். 1984இல் தமிழக அரசு கொண்டுவந்த நுழைவுத்தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. பிறகு மாநில வாரியத்தாரையும் சிபிஎஸ்இக்காரரையும் எப்படி ஒப்பிடுவது? பொறியியல் சேர்க்கையில் இன்றும் உள்ள விதி இது: மாநில வாரியத்தில் இயற்பியல் முதல் மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தில் 90 என்றால், இரண்டும் 100. அந்த வாரியத்தில் 60 வாங்கியவருக்கு 66.66. இங்கே ஒளிந்திருக்கும் வாக்கியம், எல்லா வாரியத்து முதல் மாணவர்களும் சமம் என்பது. இரண்டிலும் யாரோ ஒருவர் 100 வாங்கிவிட்டால் சூத்திரம் செத்துவிடும். மற்ற ஆயிரக்கணக்கானோர் எப்படி எழுதினார்கள் என்பது கணக்கிலேயே வராது.

ஃபூக்கோ தேர்வைக் கண்காணிப்பும் இயல்பாக்கமும் சந்திக்கும் இடம் என்றார். நமக்கு வேண்டியது அதைவிடக் கொஞ்சம் மண் ஒட்டிய கேள்வி: இந்தச் சூத்திரம் எந்தக் குழுக்களைச் சமம் என்று வைத்துக்கொள்கிறது? அப்படி வைத்துக்கொண்டது யார்? 'சூத்திரமே வேண்டாம், வாங்கின மார்க்கு போதும்' என்பவர்களிடமும் இதையே கேட்க வேண்டும். திருத்தாத மதிப்பெண்ணும் ஒரு சூத்திரம்தான். எல்லாப் பாடமும், எல்லாத் திருத்துநரும், எல்லாப் பள்ளியும் சமம் என்பது அதன் வாக்கியம். 2017இலிருந்து தமிழக மருத்துவச் சேர்க்கையை ஆளும் நீட்டின் வாக்கியமும் ஏறத்தாழ இதுவே. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியபோது, அந்த வாக்கியம் பொய் என்று அரசே சட்டத்தில் எழுதிவைத்தது.

நாளைக்கே யாராவது மாவட்டவாரியாகச் சரிக்கட்டலாம் என்று கிளம்பலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடியும் இருக்கிறது, கும்மிடிப்பூண்டியைச் சுற்றிய இருளர் குடியிருப்புகளும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே சராசரிக்குள் போட்டால் ஆவடியின் தனியார் பள்ளிப் பிள்ளை இருளர் பிள்ளையின் பெயரால் சலுகை பெறும். முகாம் பிள்ளை எந்தக் கூட்டத்தில் சேரும் என்பதை யாரும் யோசித்திருக்கக்கூட மாட்டார்கள். சூத்திரத்தை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்று அணி பிரியுமுன் அதன் குழுப் பட்டியலைக் கேட்டு வாங்குவோம். அதைப் படிக்கக் கணிதப் பட்டம் வேண்டியதில்லை.