பிந்தி வந்தவனுக்கு எத்தனை அடி?

1823ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெல்லாரி கலெக்டர் ஏ.டி. காம்ப்பெல் அனுப்பிய அறிக்கையில், பழைய நாட்டுப் பள்ளிக்கூடத்தின் காலை வேளை ஒன்று பதிவாகியிருக்கிறது. முதலில் வந்த பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்குப் பின் வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒன்று கூடுதல். இருபது பேர் படிக்கும் இடமானால், கடைசியாக ஓடிவரும் பையனுக்குக் கணக்குப்படி 18 அடி. வயது ஐந்தோ ஆறோ இருக்கும். ஐந்து வயதானதும் பள்ளியில் சேர்ப்பது வழக்கம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய சீமைதான். ஆனால் பிரம்பும், கைகளைக் கட்டி விட்டத்தில் தொங்கவிடும் கோதண்டமும் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளுக்கும் சொந்தம்.

இந்த வழக்கம் எங்கோ மூலையில் நடந்ததல்ல. ஆளுநர் சர் தாமஸ் மன்றோவின் உத்தரவுப்படி எடுத்த கணக்கில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். அவர்களில் பெண்கள் வெறும் 4,540. தமிழ்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தைப் பழகியதும் வாயில் ஏறியது ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும். ஔவையார் ஆத்திசூடியின் தொடக்கத்திலேயே அறத்தைச் செய்தால் போதும் என்று விட்டுவிடவில்லை, அதைச் செய்வதில் ஆசை வைக்கச் சொல்கிறார். செயலுக்கு முந்திய மனத்தைப் பிடிக்கிற வாக்கு அது. அந்த வாக்கைச் சொல்லிக்கொடுத்த இடத்திலேயே, பிந்தி வந்தவனை ஏன் பிந்தினாய் என்று கேட்காத ஒரு தண்டனையும் தினமும் நடந்தது. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வந்தவனும், வழியில் ஓணானைத் துரத்திக்கொண்டு நின்றவனும் அந்தக் கணக்கில் ஒன்றே. திண்ணைப் பள்ளியின் நீதிக்கல்வியில் குறை மனப்பாடம் அல்ல, இந்த முரண்தான் என்பது என் கருத்து.

மனப்பாடத்தைக் குறை சொன்னவர் காம்ப்பெல்லே. பேச்சுவழக்குக்கு எட்டாத செய்யுளைப் பிள்ளைகள் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வரிகள் உடனே விளங்குவதற்காக மட்டும் சொல்லிக்கொடுக்கப்பட்டவை அல்ல. ஐந்து வயதில் நாக்கில் ஏறிய வரி இருபதில் ஒரு சங்கடத்தின்போது தானாக எழுந்து வந்து பொருள் சொல்லும். நம் பாட்டிமார் நீதி பேசியது அப்படித்தான். வாய்ப்பாடத்துக்குக் காத்திருக்கத் தெரியும், உள்ளங்கையில் விழுந்த அடிக்குத் தெரியாது. எது சரி, எது தப்பு என்பதை அந்த வயதில் குழந்தை கற்றுக்கொள்வது தன்னை நடத்துகிற விதத்திலிருந்துதான்.

அத்தனை சின்ன வயதில் நோக்கத்தை எடைபோடவா தெரியும், அவர்களுக்கு எண்ணிக்கைதானே புரியும் என்று மறுக்கலாம். இந்த மறுப்புக்கு ஆதாரமாக நிற்கும் பெயர் உளவியலாளர் ழான் பியாஜே. ஜெனீவாவிலும் நியூஷாத்தெலிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, கோலிக்குண்டு விதிகளைத் தெரியாதவர்போலக் கேட்டுக் கற்றுக்கொண்ட மனிதர் அவர். 1932இல் வந்த அவருடைய நூலில் ஒரு சோதனை இருக்கிறது. கதவுக்குப் பின்னால் கோப்பைகள் இருப்பது தெரியாமல் கதவைத் தள்ளி 15 கோப்பைகளை உடைத்தவன் ஒருவன். அம்மா இல்லாத நேரம் ஜாம் எடுக்கப்போய் ஒரு கோப்பையை உடைத்தவன் இன்னொருவன். யார் அதிகம் தப்பு செய்தவன் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளில் பலர் 15 உடைத்தவனையே காட்டினார்கள். ஆனால் இதற்குப் பியாஜே தந்த விளக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உடைந்ததைப் பார்த்துத் திட்டுகிற பெரியவர்களின் அதிகாரமும் பிள்ளைகளை அப்படி எண்ண வைக்கிறது என்றார் அவர். 1980இல் ஷாரன் நெல்சன் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. பந்தை எறிந்த பையன் விளையாட எறிந்தானா, அடிக்க எறிந்தானா என்பதைப் படம் காட்டிச் சொன்னபோது, மூன்று வயதுக் குழந்தைகளே அந்த நோக்கத்தையும் கணக்கில் எடுத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். திறன் அப்போதே இருக்கிறது. அதைக் கேட்டுப் பழக்குகிறவர்கள் வேண்டும்.

ஏழைப் பிள்ளை, பணக்காரப் பிள்ளை என்று பார்க்காதது அந்த அடிக்கணக்கு, அந்தச் சமத்துவம் சிறுசு அல்ல என்றும் வாதிடலாம். கணக்கு அப்படியே நடந்த இடங்களில் அது பெரிய விஷயம்தான். எல்லாருக்கும் ஒன்றுபோல் என்பதுதான் குழந்தை முதலில் பிடித்துக்கொள்ளும் நீதி. ஆனால் அந்தப் பிடியிலிருந்து அவரவர் நிலைமையைப் பார்க்கும் நீதிக்கு ஏற, சமவயதினர் ஒருவரோடொருவர் வாதாடித் தீர்த்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும் என்பது பியாஜேயின் முடிவு. திண்ணையில் அதற்கு ஒரு வாசல் இருந்தது: சட்டாம்பிள்ளை. கொஞ்சம் முன்னே படித்த பையன் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவனும் வாத்தியாரின் கையாளாக நின்றதால் அந்த வாசல் பாதிதான் திறந்தது.

1789இல் எழும்பூர் ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் இந்த நாட்டுப் பள்ளிகளிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1797இல் லண்டனில் வெளியிட்ட நூல் வழியே அவை ‘மெட்ராஸ் முறை’யாக இங்கிலாந்தில் பரவின. திண்ணையில் இல்லாத ஒன்றையும் பெல் தன் விடுதியில் சேர்த்திருந்தார். பிள்ளைகளின் குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரம் ஒருமுறை அதைத் திறந்து, பையன்களே ஜூரியாக உட்கார்ந்து விசாரிப்பார்கள். பெரியவர்களின் சட்டம்தான், புத்தகமும் அவர்களுடையதுதான். ஆனாலும் அங்கே தண்டனைக்கு முன்னால் ஒரு விசாரணை இருந்தது. ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒரு பையன் இன்னொரு பையனைக் கேட்கவும், பதிலைக் காதில் வாங்கவும் அதில் இடம் இருந்தது.