எழுபது கஜத்தில் துருக்கியர், ரொட்டியின் மேல் ஈ

1915 ஏப்ரல் 12 அன்று மெல்பர்னில் முதல் உலகப் போருக்கான ஆஸ்திரேலியப் படையில் சேர வந்த ஜேம்ஸ் மார்ட்டின் தன் வயது 18 என்றான். உண்மையில் பதினான்கு முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. தாய் அமீலியாவுக்கு அவனை அனுப்ப மனமில்லை, ஒரே மகன். சம்மதிக்காவிட்டால் வேறு பெயரில் சேர்ந்துவிடுவேன், கடிதமும் போடமாட்டேன் என்று மிரட்டித்தான் காரியத்தைச் சாதித்தான். இரண்டாவது மிரட்டலுக்குத்தான் தாய் பணிந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. 21ஆம் பட்டாலியனில் 1553ஆம் எண் சிப்பாயானான்.

எகிப்தில் பயிற்சி முடிந்து துருக்கியின் கலிப்பொலிப் போர்முனைக்குப் போகும் வழியில், செப்டம்பர் 2 அன்று, அவன் ஏறியிருந்த சவுத்லேண்ட் கப்பலை ஏஜியன் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. நான்கு மணி நேரம் தண்ணீரில் கிடந்து பிழைத்தவன், சில நாள்களிலேயே கலிப்பொலிப் பதுங்குகுழிக்குள் இருந்தான். துருக்கியர் எழுபது கஜத்தில் இருப்பதாக அக்டோபரில் வீட்டுக்கு எழுதினான். தனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை என்பதையும் சொல்லியிருந்தான்.

ஆனால் அவனுக்கு எமனாக வந்தது அந்த எழுபது கஜத்துக்கு அப்பாலிருந்து அல்ல. அவன் வருவதற்கு முன் அங்கே நடந்த ஆகஸ்ட் சண்டையில் விழுந்த பிணங்கள் பல, இரு தரப்புக் குழிகளுக்கும் நடுவில் எடுப்பாரின்றிக் கிடந்தன. ஒதுங்க வெட்டிய குழிகளும் பதுங்குகுழிகளை ஒட்டியே. குறிபார்த்துச் சுடுபவனுக்குப் பயந்து யாரும் தூரம் போக முடியாது. அங்கே மொய்த்த ஈதான் ரொட்டியில் தடவிய ஜாமிலும் வந்து உட்கார்ந்தது. கை கழுவத் தண்ணீர்? குடிநீரே கப்பலில் வந்து, தகரங்களில் மேடேறியது. ஈ மொய்த்ததைத் தின்னாதே என்று நம் வீடுகளில் அதட்டுவார்கள். அங்கே மொய்க்காத பண்டம் ஏது?

சீதபேதியும் குடற்காய்ச்சலும் படையை அரித்தன. குடற்காய்ச்சல், அதாவது டைபாய்டு, உடலில் புகுந்தும் ஓரிரு வாரம் தலைகாட்டாது. பிறகு சுரம் நாளுக்கு நாள் படியேறும், குடல் புண்ணாகும், நஞ்சு இதயத் தசையையும் தளர்த்திவிடும். அதைக் குணப்படுத்தும் குளோரம்பெனிக்கால் கைக்கு வந்தது 1948இல். அதுவரை படுக்கை, கஞ்சி, பராமரிப்பு, இவ்வளவுதான் வைத்தியம். ‘நோயால் இறந்தவர்’ என்று தனிக் கணக்கு எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. அந்தக் குழியில் நின்றதால்தானே அந்த நோய்?

அக்டோபர் 25 மாலை 5 மணிக்கு கிளெனார்ட் காசில் என்ற மருத்துவக் கப்பலில், குடற்காய்ச்சல் கண்ட ஜேம்ஸை ஏற்றியபோது நினைவு மட்டுமே மிச்சம் என்னும்படி துவண்டிருந்தான். 6.40க்கு இதயம் நின்றது. உடலைக் கடலில் இறக்கினார்கள். பெயர் கலிப்பொலியின் லோன் பைன் நினைவுச் சின்னத்தில் இருக்கிறது. வயது 14 ஆண்டு 9 மாதம்.

அமீலியாவுக்குக் கடிதம் எழுதியவர் அக்கப்பலின் தலைமைச் செவிலி பிரான்சிஸ் ரெட்டாக். படுக்கவைத்ததும் இப்போது தேவலை என்றானாம். செய்ததற்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, தூங்கத் திரும்பிப் படுத்தானாம்.