மறிச்சுக்கட்டியில் இருந்து போன கடிதங்கள்

மன்னாருக்குத் தெற்கே, அரிப்பையும் சிலாவத்துறையையும் தாண்டினால் மறிச்சுக்கட்டி வரும். 1906-இல் அங்கே முத்துக்குளிப்பு நடந்தது. வழமையில் மணலும் முட்பற்றையும் மட்டுமே கிடக்கிற கரையில் சில வாரங்களுக்குள் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டினமே எழும்பியது. இருபது முப்பதாயிரம் சனம். பாரசீக வளைகுடாவில் இருந்து வந்த அரபுக் குளியாளர்கள், கீழக்கரை, தூத்துக்குடிப் பக்கத்துக் குளியாளர்கள், எங்கட கரையாட்கள், வியாபாரிகள், கடைக்காரர்கள். இவ்வளவு சனத்தையும் கட்டி மேய்க்க ஒரு கை விரல்களால் எண்ணக்கூடிய வெள்ளைக்கார அதிகாரிகள். அவர்களில் ஒருவருக்கு வயது 25. பெயர் லெனார்ட் வூல்ஃப்.

அந்தப் பெயரை ஹம்பாந்தோட்டையோடு சேர்த்துத்தான் எங்களில் பலர் கேள்விப்பட்டிருப்போம். 1913-இல் வெளிவந்த ‘த வில்லேஜ் இன் த ஜங்கிள்’ நாவலை எழுதியவர். வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர். ஆனால் ஹம்பாந்தோட்டைக்குப் போக முன்பே, 1905 தொடக்கம் அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் இருந்தார். 1906-இல் கொஞ்சக் காலம் மன்னாரிலும் வேலை பார்த்தார். இந்த நாட்களில் அவர் இங்கிலாந்துக்கு எழுதிய கடிதங்களைப் பற்றித்தான் இங்கே கதைக்கப்போகிறோம்.

கடிதங்கள் யாருக்குப் போயின? பெரும்பாலும் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்கு. பின்னாளில் ‘எமினென்ட் விக்டோரியன்ஸ்’ எழுதி விக்டோரியா காலத்துப் பெரிய மனிதர்களின் பிம்பங்களை உடைத்தவர். இருவரும் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரித் தோழர்கள். ‘அப்போசல்ஸ்’ என்ற இரகசிய விவாதக் குழுவின் உறுப்பினர்கள். பொருளியலாளர் கெய்ன்ஸும் மெய்யியலாளர் ஜி. ஈ. மூரும் அதே வட்டம். மூரின் ‘பிரின்சிபியா எதிக்கா’ 1903-இல் வந்தபோது இந்தப் பொடியன்களுக்கு அது வேதப் புத்தகம் மாதிரி. அன்பான நட்பும் அழகை ரசிப்பதும்தான் வாழ்க்கையின் மிகப் பெரிய நன்மைகள் என்று அது சொன்னது. நண்பனிடம் எதையும் மறைக்காமல் பேசவேண்டும் என்பது இந்தக் கூட்டத்தின் எழுதாத சட்டம். இவர்கள்தான் பிறகு ‘புளூம்ஸ்பரி குழு’ என்று பெயர் எடுத்தார்கள்.

அப்போது கப்பலில் ஒரு கடிதம் லண்டன் போய்ச்சேர மூன்று நான்கு கிழமை ஆகும். பதில் வர இன்னும் அவ்வளவு. இருந்தும் ஏழு வருடமாக இந்தக் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. அங்கிருந்து புத்தகங்கள், காதல்கள், வம்புகள் வந்தன. இங்கிருந்து வெக்கை, தனிமை, கச்சேரிச் சலிப்பு, விரக்தி போயின. 1909-இல் ஸ்ட்ரேச்சி, வேர்ஜீனியாவைக் கட்டச்சொல்லி வூல்ஃபைத் தூண்டியதும் கடிதத்தில்தான். இலக்கிய உலகம் இந்தக் கடிதங்களை இவ்வளவு ஆசையாய்ப் படிப்பது இந்தக் காதல் கதைக்காகத்தான். எங்களுக்கு முக்கியமானது வேறொன்று.

முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்று முதலில் பார்ப்போம். விடியமுன் வள்ளங்கள் பார்களுக்குப் போகும். குளியாளர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார். மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பார். மூச்சு முட்டும்வரை சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுவிட்டுக் கயிற்றை இழுத்துச் சைகை காட்டவேண்டும். நாள் முழுக்க இதே வேலை. கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்றாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு குளியாளருக்கு. மற்ற இரண்டும் அரசாங்கத்துக்கோ அதனிடம் குத்தகை எடுத்தவருக்கோ போகும். உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒன்று, கரையில் நின்றவருக்கு இரண்டு! இந்தக் கணக்கு ஒழுங்காக நடக்கிறதா, யாரும் சிப்பியை ஒளிக்கிறார்களா என்று இரவு பகலாகப் பார்ப்பதுதான் வூல்ஃபின் வேலை. சிப்பியைக் குவித்து அழுகவிட்டுத்தான் முத்தை எடுப்பார்கள். அந்த நாற்றமும் இலையான் மொய்ப்பும் அவரை வாழ்நாள் முழுக்க விடவில்லை.

அங்கிருந்து 1906 மார்ச்சில் எழுதிய ஒரு கடிதத்தில் அவர் ஒரு விசயத்தைப் பகிடி மாதிரிச் சொல்கிறார். கைத்தடியால் போதிய அளவு பலமாக அடித்தால் அரபிகள் எதையும் செய்வார்களாம். மூன்று நாட்களாய் இரவு பகலாகத் தான் செய்ததும் பெரும்பாலும் அதுதானாம்.

எழுதியவர் யார் என்று பாருங்கள். மூரின் சீடர். வால்டேரின் தொகுதிகளைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இலங்கைக்கு வந்தவர். யூதராய்ப் பிறந்ததால் ஒதுக்கப்படுவது என்றால் என்னவென்று தெரிந்தவர். நண்பனுக்கு உண்மை எழுதவேண்டும் என்ற அதே நேர்மையால்தான் அந்த வரியும் எழுதப்பட்டது. அவர்களுடைய வட்டத்துக்குள் அன்பே பெரிய நன்மை. ஆனால் அந்த வட்டத்தின் எல்லை மறிச்சுக்கட்டி மணல்வரை நீளவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குளிக்கப்போன அரபி ஒருவர் இறந்து கரைக்குக் கொண்டுவரப்பட்டதையும், அவருடைய ஆட்கள் துக்கம் காத்த விதத்தையும் வூல்ஃபால் மறக்கமுடியவில்லை. ‘பேர்ல்ஸ் அண்ட் ஸ்வைன்’ என்ற சிறுகதையில் அந்தச் சாவை, குடிவெறியில் பிதற்றிச் சாகிற வெள்ளைக்காரன் ஒருவனின் சாவுக்குப் பக்கத்தில் வைத்தார். படிக்கிறவருக்கு எது கௌரவமான சாவு என்பதில் சந்தேகமே வராது. 1961-இல் வந்த ‘குரோயிங்’ என்ற தன்வரலாற்றிலும் அந்தக் காட்சி வருகிறது. அதில் அரபுக் குளியாளர்கள் மேல் அவருக்கு இருந்த பிரியமே முன்னுக்கு நிற்கிறது. அந்தக் காலத்தில் தெரியாத்தனமாய் ஏகாதிபத்தியவாதியாக இருந்துவிட்டேன் என்ற பொருளிலும் எழுதுகிறார்.

1911-இல் விடுமுறையில் போனவர் அடுத்த வருடம் வேலையை விட்டார். பிறகு தொழிற்கட்சிக்காரர், ஏகாதிபத்திய எதிர்ப்பாளர். 1938-இல் இலங்கை அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றி அந்தக் கட்சியின் ஆலோசனைக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினார். சிறுபான்மையினரைப் பாதுகாக்கப் பெரிய அளவு அதிகாரப் பரவலாக்கம், அல்லது சுவிட்சர்லாந்து மாதிரியான சமஷ்டி பற்றி யோசிக்கவேண்டும் என்றார். எங்கட மேடைகளில் அவரை ‘அப்போதே சொன்னவர்’ என்று நினைவுகூருவது இதற்காகத்தான். அப்படி நினைவுகூருவது பிழையில்லை. ஆனால் 1938-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு 1906-ஐ விட்டுவிட்டால், நல்ல வெள்ளைக்காரன் ஒருவனின் கதைதான் கையில் மிஞ்சும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அதிகாரம் ஒரு மனிதனை என்ன செய்யும், அதில் இருந்து வெளியே வர அவனுக்கு எத்தனை வருடம் எடுக்கும் என்பது விளங்கும். அறிக்கையும் தன்வரலாறும் ஊருக்காக எழுதப்படுபவை. அந்தக் கடிதமோ எங்கட கண்ணில் படும் என்று நினைத்து எழுதப்பட்டதே இல்லை. வூல்ஃப் இறந்து 20 வருடங்களுக்குப் பிறகு, 1989-இல்தான் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன.

சரி, அடிவாங்கியவரின் கடிதம் எங்கே? கயிறு பிடித்தவர், கீழக்கரையில் காத்திருந்த மனைவி, கடன் கொடுத்த சம்மாட்டி ஆகியோருடைய 1906 எங்கே? அரிப்பில் ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யக் கட்டிய மாளிகையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. ஊர்ச்சனம் அதை ‘அல்லிராணி கோட்டை’ என்று சொல்லித் தங்கட கதையாக்கி வைத்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மறிச்சுக்கட்டிச் சனமும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. அப்படி ஓடும்போது யார் கடிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்? போரில் இடம்பெயர்ந்த எந்த வீட்டிலும் இதே கதைதான்.

அதனால்தான் வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டில் பழைய கடிதங்கள், வெளிநாட்டில் இருந்து வந்த நீல நிற ஏரோகிராம்கள், கணக்குக் கொப்பிகள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். யார் யாருக்கு, எந்த வருடம் எழுதியது என்று அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டுக் குறித்து வையுங்கள். மறிச்சுக்கட்டிக்கு ஒரு சாட்சி இருக்கிறது, அதுவும் தடியைப் பிடித்திருந்தவரின் சாட்சி. மற்றப் பக்கத்தின் சாட்சி எங்கட அலுமாரிகளில்தான் இருக்கவேண்டும்.