கீற்றைக் கொடுத்துக் காலைக் காப்பது

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே அதிராம்பட்டினம் வரையுள்ள கடலோர ஊர்களில், கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை இல்லாத வீட்டை என் சிறுவயதில் நான் பார்த்ததில்லை. நெல் அவிப்பது, மாடு கட்டுவது, மத்தியானம் கயிற்றுக் கட்டிலில் படுப்பது, விசேஷத்துக்கு வந்த சனங்களை உட்கார வைப்பது எல்லாம் அங்கேதான். சுவர் கிடையாது, நாலு பக்கமும் திறப்பு. புயல் வருகிற ஊரில் இப்படிச் சுவரில்லாத கூரையை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று கட்டடப் படம் வரையும் வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடுகிற காற்று அதே கூரையை உறிஞ்சி இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்காகும். சென்னைக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் வரும்.

என் தாத்தாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கொட்டகை போடுவது அவர் தொழில். 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினத்தில் புயல் கரையேறியதைக் கண்ணால் பார்த்தவர். அதுவரை இரண்டு பக்கச் சரிவு வைத்துத்தான் போட்டு வந்தாராம். அன்றைக்கு வடக்கத்திக் காற்று அடித்து ஓய்ந்து, முடிந்துவிட்டது என்று சனங்கள் வெளியே வந்த நேரத்தில் தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. புயலின் கண் ஓர் ஊரைக் கடந்தால் அப்படித்தான் ஆகும். முதல் காற்றுக்குத் தாங்கிய கூரைகளில் பல இரண்டாவதில் போயின. அதன் பிறகு நாலு பக்கமும் சரிவு வைக்காமல் அவர் ஒரு கொட்டகையும் போடவில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் செங்குத்தான முகம் ஒன்று அதற்கு எதிரே நிற்கக் கூடாது என்பார். இறவாணத்தையும் தாழ்த்திவிடுவார், பெரியவர்கள் குனிந்துதான் நுழைய வேண்டும்.

அவர் வேலை செய்ததைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வைரம் பாய்ந்த பனைமரத்தில்தான் கால். மண்ணுக்குள் போகிற முனையை நெருப்பில் கருக்கித் தார் பூசுவார், கரையானுக்காக. எங்கள் பக்கம் மணல் பூமி; வெறும் குழியில் நட்டால் பிடிக்காது. அதனால் இரண்டு முழ ஆழத்தில் காலோடு ஒரு குறுக்குக் கட்டையைப் பூட்டி, அதன் மேல் களிமண்ணைக் கொட்டி இடிப்பார். காலும் வளையும் சேருகிற இடத்தில் ஆணி அடிக்க மாட்டார். ஊறிய பனைநாரைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, சுற்றுகளுக்கு நடுவே கிட்டிக்கட்டையைக் கொடுத்து முறுக்குவார். காய்ந்தால் நார் இன்னும் இறுகும். காற்றில் அந்தக் கட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும், பிரியாது.

கீற்றை மட்டும் அப்படிக் கட்ட மாட்டார். வரிச்சோடு சேர்த்து மெல்லிய நாரில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். ஏன் என்று கேட்டேன். "கீத்து போனா அடுத்த வாரம் வேஞ்சுக்கலாம்டா தம்பி. அதைப் புடிச்சு வச்சா காலையும் சேத்துல்ல பிடுங்கிட்டுப் போவும்" என்றார். கூரை கிழிந்தவுடன் காற்றுக்குப் பிடிமானம் குறைந்துவிடும், சட்டம் தப்பித்துவிடும். 1977 நவம்பர் 12 புயலுக்குப் பிறகு எங்கள் தெருக் கொல்லைகளில் கீற்று பறந்துபோன கொட்டகைகள் எலும்பாக நின்றன. பொங்கலுக்குள் எல்லாவற்றுக்கும் மறுபடி வேய்ந்துவிட்டார்கள்.

தொழில் சுருங்கியதற்குப் புயல் காரணமில்லை. ஊர் ஊராகப் போன டூரிங் டாக்கீஸ்கள் மூடியதில் பெரிய வேலைகள் போயின. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளிலிருந்து கீற்றை அகற்றினார்கள். அகற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம் வந்தது. வீட்டோடு கொல்லையும் மாறியது, தகரக் கொட்டகை வந்தது.

எனக்கு ஆதங்கம் கீற்று போனதில் இல்லை. கூரையை மாற்றியவர்கள் காலை ஊன்றும் விதத்தையும் கட்டும் விதத்தையும் சேர்த்துத் தொலைத்துவிட்டார்கள். ஒரே பக்கச் சரிவு, அதுவும் கிட்டத்தட்ட மட்டமாக. சிமென்ட் தரையின் மேல் நாலு போல்ட்டில் நிற்கிற இரும்புக் குழாய். 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கஜா புயல் வந்தபோது அந்தத் தகடுகள் திருகோடு பிய்த்துக்கொண்டு தெருவில் பறந்தன. கீற்று பறந்து வந்து மேலே விழுந்தால் சிராய்ப்போடு போகும். தகடு கழுத்தை அறுக்கும். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைகளும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததில், பழையபடி வேயலாம் என்று நினைத்தவர்களுக்கும் கீற்று கிடைக்கவில்லை. புதிதாக வைத்த நெட்டை ரகக் கன்று காய்ப்புக்கு வரவே ஆறேழு வருஷம் ஆகும்.

இப்போது கொல்லைக் கொட்டகைக்கு என்னிடம் படம் கேட்டு வருகிறவர்களுக்கு நாலு சரிவுதான் போட்டுக் கொடுக்கிறேன். சரிவு 30 டிகிரிக்குக் குறையாது. குழாயை மூன்றடிக் குழியில் கான்கிரீட்டோடு புதைக்கச் சொல்கிறேன். காலுக்கும் வளைக்கும் நடுவே மூலைக்கு மூலை சாய்வுத் தாங்கி. இறவாணத்தை ஒரு முழத்துக்கு மேல் வெளியே நீட்ட விடுவதில்லை, காற்று முதலில் பிடிப்பது அந்த விளிம்பைத்தான். தகட்டுக்கு அங்கே திருகை நெருக்கி அடிக்க வேண்டும். மூலைகளில் சாய்வாக வெட்டுவதால் தகடு வீணாகிறது, கூலியும் கூடுகிறது என்று வெல்டிங் பட்டறைக்காரர் ஒவ்வொரு தடவையும் மல்லுக்கு நிற்பார். வீணாகிற தகட்டுக்கு என்ன காசோ அதைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். சரிவில் மட்டும் கை வைக்க விடமாட்டேன்.