ரூத்தோடு நின்ற ஏடு

1708ஆம் ஆண்டு அக்டோபரில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே டேனியத் தளபதி அவரைக் கோட்டையில் சிறைவைத்தார். நான்கு மாதங்களுக்குப் பின் வெளிவந்தவர் பணியை மீண்டும் மேற்கொண்டு, 1711இல் நிறைவேற்றினார். ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்துகள் பெரியனவாயிருந்து மிகுந்த தாளை விழுங்கவே, சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. 1715இல் நூல் முற்றுப்பெற்றது.

பழைய ஏற்பாட்டில் ரூத்தின் சரித்திரம் வரை வந்திருந்தபோது, 1719இல், தம் 36ஆம் வயதில் ஐயர் மறைந்தார். சூல்ச் ஐயர் எஞ்சியதைத் தொடர்ந்தார். 1728இல் அச்சுப்பணி முடிவுற்றது. ஆயினும் மொழிநடை நிறைவளிக்கவில்லை. 1742இல் சென்னைக்கு வந்த பப்ரிஷியஸ் ஐயர் பல்லாண்டுகள் உழைத்து அதனைப் புதுக்கினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாட்டின் அச்சு நிறைவுறுமுன்னரே, 1791இல், அவரும் மறைந்தார்.

ஆய்வேட்டையோ சபை வரலாற்றையோ தொடங்கிப் பாதியில் வைத்திருப்போர் நம்மில் பலர். தடைப்பட்ட இடத்திலிருந்தே மறுபடியும் தொடங்குவோம். நம் நாளில் முடியாவிடினும், பின்வருபவர் எடுத்துத் தொடரத்தக்கவாறு ஏட்டை ஒழுங்காக வைத்துச் செல்வது நம் கடமை.