மரத்தூளும் நம்ம ஐஸ் ஹவுஸும்

பம்பரமோ பூரிக்கட்டையோ, கடைசல் பட்டறையில் பத்து நிமிஷம் நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். கையில் வரும் பொருள் கொஞ்சம், காலடியில் சேரும் சுருளும் தூளும் அதைவிட அதிகம். கோழிப்பண்ணைக்காரர் தரையில் பரப்ப வாங்கிட்டுப் போவார். அடுப்பெரிக்கக் கொஞ்சம் போகும். மீதி? வீட்டில் ஒரு சின்ன லேத் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் கடைகிற எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வரும். பதில் தேடிப் படிச்சதில் ஒரு நல்ல கதை மாட்டுச்சு. நம்ம சென்னை வெயிலுக்கு ஐஸ் வந்ததே இந்தக் கழிவின் புண்ணியத்தில்தான்!

பாஸ்டன் நகரத்து ஃபிரெடெரிக் டியூடருக்கு அப்போ 22 வயசு. குளத்தில் உறைஞ்ச பனிக்கட்டியை வெட்டி வெப்ப நாடுகளில் விற்கலாம்னு கிளம்பினார். 1806-இல் கரீபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பல் போனது. ஊரே சிரிச்சது. நஷ்டம். கடன் முற்றி சிறைக்கும் போய் வந்தார் மனுஷன்.

அவருக்குப் பெரிய தலைவலி, ஐஸ் உருகாமல் எப்படிப் பொத்திவைப்பது என்பதுதான். வைக்கோல், கம்பளி, மரச்சுருள் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கடைசியில் நிலைத்தது மரத்தூள். பக்கத்து மேய்ன் மாநிலத்தில் மரம் அறுக்கும் ஆலைகள் ஏராளம். அவங்களுக்குத் தூள் ஒரு தொல்லை. ஆற்றில் கொட்டிவிடுவாங்க. அது அடியில் படிஞ்சு மக்கி மீனுக்கு எமனாகும்.

மரத்தூளில் அப்படி என்ன மாயம்? ஒன்றும் இல்லீங்க. தூளுக்கும் தூளுக்கும் நடுவில் காற்று சிக்கிக்கொள்கிறது. நகர வழியில்லாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுருளிலும் காற்று உண்டு, ஆனா இடைவெளி பெரிசு. உள்ளேயே காற்று சுற்றி வந்து வெப்பத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஒரே நிபந்தனை, தூள் நனையக்கூடாது. அதனால் உருகின தண்ணீரைக் கப்பலில் இறைச்சுக்கிட்டே இருக்கணும்.

1833 மே மாசம் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பி, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி, செப்டம்பரில் கல்கத்தா போய்ச் சேர்ந்தது. சுமார் 100 டன் மிச்சம் இருந்ததாம். அதுக்கப்புறம் இந்திய வியாபாரம் சூடு பிடிச்சது (ஐஸ் வியாபாரம் சூடு பிடிக்கிறதான்னு கேட்காதீங்க :-)). 1842-இல் மெரினா கடற்கரையை ஒட்டி ஐஸைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ். வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டியதைப் பற்றி எழுதிய தோரோ, தன் 1854 புத்தகத்தில் அந்த ஐஸைக் குடிக்கப் போகிற ஊர்களில் மெட்ராஸையும் சேர்த்திருக்கிறார்.

எனக்கு இதில் பிடிச்ச விஷயம் வேற. குளத்து ஐஸ் சும்மா கிடந்தது. தூள் ஆலைக்காரருக்கே பாரம். இந்தியாவுக்கு வரும் பாஸ்டன் கப்பல்களிலும் ஏற்றப் போதுமான சரக்கு இல்லை, அதனால் கூலி மலிவு. யாருக்கும் வேண்டாத மூணு விஷயத்தைச் சேர்த்து ஒருத்தர் பணக்காரர் ஆகிவிட்டார். அந்தக் குளிர்ச்சியை இங்கே அனுபவிச்சவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரர்களும் வசதியானவங்களும்தான் என்பதையும் சொல்லிடணும். நம்ம பாட்டன்களுக்குப் பானைத் தண்ணிதான்.

டியூடர் 1864-இல் இறந்தார். 1870-களில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் கப்பல் ஐஸ் படுத்துவிட்டது. கல்கத்தா, பம்பாய் ஐஸ் வீடுகள் இடிந்துபோக, சென்னையுடையது தப்பிச்சது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இப்போ அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்தப் பகுதிக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பேர் போகவே இல்லை.

மரத்தூள் என்ன ஆச்சு? அது நம்ம டீக்கடை அடுப்புக்குள்ள புகுந்தது. தகர டின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைச்சு, கட்டையை உருவினால் அடுப்பு ரெடி. இறுக்கத்தில் காற்று தாராளமா உள்ளே போக முடியாது, அதனால் தூள் மொத்தமா பத்திக்காமல் மணிக்கணக்கா நின்னு எரியும். அங்கே ஐஸைக் காப்பாத்தினதும் இங்கே டீயைக் கொதிக்க வெச்சதும், காற்றைத் தடுத்து நிறுத்தற அதே குணம்தான்.

ஆற்றில் கொட்டினா மீனைக் கொல்லும், அடைச்சு வெச்சா ஐஸைக் காக்கும். கழிவுங்கறது பொருளில் இல்லை, அதைப் போடுற இடத்தில்தான் இருக்கு போல. சரி, உங்க ஊர்ல மரத்தூளை என்ன செய்யறாங்க? சொல்லுங்க மக்களே, என் லேத்துக்கடியில் ரெண்டு மூட்டை காத்திருக்கு.