ஜஹாங்கீர் கண்ட வரிக்குதிரை

கி.பி. 1621ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1030இல், நவ்ரோஸ் விழாவையொட்டி முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் முன்னிலையில் விந்தையான விலங்கொன்று கொணர்ந்து நிறுத்தப்பட்டது. ஹபஷா எனப்படும் அபிசீனியாவிலிருந்து, மீர் ஜஅஃபர் என்பாருடன் வந்த துருக்கியர் அதனைக் கொண்டுவந்திருந்தனர். மூக்கு நுனி தொடங்கி வால் நுனி வரையிலும், செவி முனையிலிருந்து குளம்பு வரையிலும் கருவரிகள். கண்களைச் சுற்றிலுங்கூடச் சுர்மா இட்டாற்போல் மெல்லியதொரு கோடு!

கண்டவருள் சிலர் ஐயுற்றனர். இவ்வரிகள் இயற்கையானவை அல்ல, எவரோ வண்ணம் பூசியிருக்கின்றனர் என்று எண்ணினர். பேரரசரோ கேட்டதும் நம்பவுமில்லை, கேட்டதும் தள்ளவுமில்லை. நுணுகி ஆராயச் செய்தார். வரிகள் மெய்யானவை, அவற்றைத் தீட்டியவன் படைத்தவனே என்பது தெளிந்த பின்னரே தம் வரலாற்று நூலான துஸுகே ஜஹாங்கீரியில் அச்செய்தியைப் பதிந்தார்.

இவ்விலங்குக்குப் பெயரிடுவதிலும் பலருக்கு இடர்ப்பாடு இருந்திருக்கிறது. ஜஹாங்கீர் தம் நூலில் இதனைக் காட்டுக் கழுதை எனக் குறித்தார். ஓவியத்தின் மீது எழுதிய குறிப்பிலோ கோவேறு கழுதை என்றார். பண்டை ரோமானியர் காலத்தில் இதற்குப் புலிக்குதிரை என்பது பெயர். அரபு வரலாற்றாசிரியர்களோ 'ஹிமார் அத்தாபீ' என்றனர். பக்தாத் நகரின் அத்தாபிய்யாப் பகுதியில் நெய்யப்பட்ட வரித்துணிக்கு அத்தாபீ என்று பெயர். அத்துணியைப் போர்த்தியது போன்ற கழுதை என்பது பொருள். தமிழராகிய நாம் குதிரை என்கிறோம். நிமிர்ந்து நிற்கும் பிடரிமயிரும், நுனியில் மட்டும் குஞ்சம் கொண்ட வாலும் கழுதையை நினைவூட்டும். திரண்ட உடலோ குதிரையை ஒக்கும். உண்மையில் இது குதிரையுமன்று, கழுதையுமன்று. அவ்விரண்டோடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தனிக்கிளையாகும்.

ஜஹாங்கீரின் பாட்டனாருக்குத் தந்தையான பாபர், தாம் கண்ட விலங்குகளை எழுத்தில் வருணித்தார். ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்யவில்லை. அக்குறையை நீக்க விரும்பிய ஜஹாங்கீர், 'நாதிருல் அஸ்ர்' என்னும் பட்டம் பெற்ற உஸ்தாத் மன்ஸூரை வரையப் பணித்தார். அவர் தீட்டிய வரிக்குதிரை இன்று லண்டன் விக்டோரியா–ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. பின்னணியில் மரமில்லை, மலையில்லை. அவ்விலங்கு மட்டுமே நிற்கிறது. கண்டதற்கு மேல் ஒரு கோடும் சேர்க்காத நேர்மை அது.

பின்னர் அவ்விலங்கைப் பாரசீக மன்னர் ஷா அப்பாஸுக்கு அனுப்பும் அன்பளிப்புகளுள் ஒன்றாகச் சேர்த்தார் பேரரசர். அம்மன்னரைச் 'சகோதரர்' என்றே அவர் எழுதுவது வழக்கம். ஆயினும் அடுத்த ஆண்டே, 1622இல், ஷா அப்பாஸ் கந்தஹாரைக் கைப்பற்றிக்கொண்டார். விலங்கின் வரிகள் மெய்யா பொய்யா என்று தேர்ந்தறிந்தவர், சகோதரரின் நட்பைத் தேர்ந்தறியத் தவறினார் போலும்!

வரிக்குதிரையில் மூன்று இனங்கள் உண்டு. சமவெளி இனம் ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் எனக் குடும்பமாக வாழும். மலை இனத்துக்குத் தொண்டையின் கீழ்த் தோல்மடிப்பு உண்டு. மூன்றாவதாகிய கிரெவி இனம் நெருங்கிய மெல்வரிகளும் அகன்ற செவிகளும் கொண்டது. அபிசீனியாவிலிருந்து பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் கிரெவிக்கு அன்பளிப்பாக வந்ததால் 1882இல் அப்பெயர் பெற்றது. இன்று எத்தியோப்பியாவிலும் கென்யாவிலுமாகச் சில ஆயிரங்களே எஞ்சியுள்ளன. எந்த இனமாயினும், ஒன்றன் வரிபோல் மற்றொன்றுக்கு இராது. நம் கைரேகையைப் போன்றதே அது.

இவ்வரிகள் எதற்காக? சிங்கத்தின் கண்ணை மயக்கவே என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். 2014இல் டிம் காரோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும், குதிரைக் குடும்பத்து விலங்குகள் வாழும் இடங்களை ஒப்பிட்டு நோக்கினர். கடிக்கும் ஈக்கள் மிகுந்த இடங்களிலேயே வரிகளும் மிகுந்திருக்கக் கண்டனர். 2019இல் இங்கிலாந்தில் குதிரைகளுக்கு வரிப்போர்வை அணிவித்துப் பார்த்தபோது, போர்த்திய இடத்தில் ஈக்கள் அமர்வது குறைந்தது. அதே ஆண்டில் ஜப்பானில் கறுப்புப் பசுக்களின் மீது வெண்வரி தீட்டினர். கடிக்கும் ஈக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

எண்ணிப் பாருங்கள்! அன்று வரிக்குதிரையின் மீது எவரோ வண்ணம் பூசியதாக ஐயுற்றனர். நானூறு ஆண்டுகளுக்குப் பின் அறிஞர்கள் உண்மையை அறிவதற்காகவே பசுவின் மீது வண்ணம் பூசினர். ஐயம் பிழையன்று. ஐயத்தோடு நின்றுவிட்டவர்களின் பெயரை வரலாறு வைத்திருக்கவில்லை. அருகே சென்று உற்று நோக்கிய அரசரின் எழுத்தும், அவருடைய ஓவியரின் கோடும் இன்றும் நம்மிடையே இருக்கின்றன.